கோச் கை தூக்கியபோது

மகள் கழற்றிய ஷூவிலிருந்து ஈரப்புல் வாசனை. தொண்ணூறுகளின் ஈஸ்ட் பிரன்ஸ்விக் கால்பந்து மைதானத்துக்கு நினைவில் போய்விட்டேன். எங்கள் கோச் இத்தாலிக்காரர். அங்கே டிஃபெண்டராக ஆடி, முழங்கால் போய், எங்களிடம் வந்தவர். அவர் கை தூக்கினால் டிஃபெண்டர்கள் எல்லாரும் சட்டென்று முன்னே ஓட வேண்டும். பின்னால் மாட்டுகிற எதிராளி ஆஃப்சைட்; அவள் அடிக்கிற கோல் செல்லாது. ஒருத்தி தாமதித்தாலும் கோல்தான்.

கடைசி நிமிடம், எதிரணிக்காரி ஒருத்தி எங்கள் கோலை நோக்கி ஓடிவந்தாள். கோச் கை தூக்கினார். கோட்டுக்கு வெளியே அப்பா அலறினார்: “அவளை விடாதடி! பின்னாடி போ!”

அப்பா பேச்சை அதுவரை நான் மீறியதே இல்லை. ஆனால் முன்னே ஓடினேன். முதுகுக்குப் பின்னால் பந்து வலையில் விழுந்தது. திரும்பவே பயம். லைன்ஸ்மேன் கொடி உயர்ந்திருந்தது: ஆஃப்சைட்.

வீடு வந்ததும் அப்பா கார் இன்ஜினை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “நல்லவேளை, நீ என் பேச்சக் கேக்கல.”

இன்றும் பேத்தி ஆடும்போது வாயைப் பொத்திக்கொண்டுதான் நிற்கிறார்.