ஸ்கிப்பிங் கயிறும் இரண்டு வால்வுகளும்

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, சிங்கப்பூருக்கு அக்கரையில் தெப்ராவில் இருந்த எங்கள் வீட்டில் ஒரே வாரத்தில் இரண்டு வால்வுகள் கெட்டுப்போயின. ஒன்று அப்பாவின் பழைய காரில். மற்றது அப்பாவின் நெஞ்சில். இரண்டாவதைப் பற்றி என்னிடம் யாரும் மூச்சுவிடவில்லை. பிள்ளை பயந்துவிடுமாம். அதனால் நான் பயப்படவில்லை, குழம்பித்தான் போனேன்.

கார் ஓடும்போதெல்லாம் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். சிங்கப்பூரில் மெக்கானிக்காக இருக்கும் மாமா, ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்ததும் வந்து வால்வு ஸ்பிரிங்குகளை மாற்ற உட்கார்ந்தார். ஸ்பேனரை யாரிடமும் கொடுக்காத அப்பா, அன்று நாற்காலியில் சும்மா இருந்தார். அதுவே எனக்கு விளங்கவில்லை. சமையலறையில் அம்மா போனில் பெரியம்மாவிடம் அழுதுகொண்டிருந்தார்.

"வால்வு ரொம்ப மோசமாம்க்கா. தொறந்துதான் மாத்தணுமாம். நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க."

ஒரு காருக்கா இந்த அழுகை? எனக்கு எரிச்சலாக வந்தது.

வெளியே வந்தால், மாமா என் ஸ்கிப்பிங் கயிற்றின் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிய ஓட்டை வழியாக அதை எஞ்சினுக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

"அலமாக்! மாமா, அது என் கயிறு!"

"இரு லா. ஸ்பிரிங்க எடுத்தா வால்வு பொதக்குன்னு உள்ள விழுந்துரும். கயிறு அடியில தாங்கிக்கும். எஞ்சின் தலைய தொறக்கவே வேணாம்."

எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினார். கயிறு உள்ளே இறுகியது. ஒரு கருவியால் ஸ்பிரிங்கை அழுத்தி, அதைப் பிடித்திருந்த இரண்டு குட்டிப் பூட்டுகளைக் காந்தத்தால் எடுத்தார். புது ஸ்பிரிங்கை வைத்து, பூட்டுகளில் கிரீஸ் தடவி மறுபடி உட்கார வைத்தார். ஒவ்வொரு வால்வுக்கும் இதே வேலை. மாலையில் காரைக் கிளப்பியபோது டிக் டிக் போயே போய்விட்டது. என் கயிறு கன்னங்கரேலென்று வெளியே வந்தது.

நான் அம்மாவிடம் ஓடினேன். "அழாதீங்கம்மா! தொறக்காமயே வால்வு சரியாயிடுச்சு. கயிறு விட்டே மாமா மாத்திட்டாங்க!"

அம்மா என்னையே பார்த்தார். பிறகு கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். அப்பா மட்டும் சிரித்தார்.

"டாக்டர்கிட்டயும் ஒரு கயிறு இருக்கான்னு கேக்குறேன்."

எந்த டாக்டர்? யாரும் சொல்லவில்லை. மறுநாள் அப்பா அந்தக் காரிலேயே 'வெளியூர் வேலைக்கு'ப் போனார்.

மூன்று வாரம் கழித்து இளைத்துப்போய்த் திரும்பி வந்தார். ஆசையாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் நெஞ்சுக்குள்ளிருந்து டிக் டிக். காதை வைத்துக் கேட்டேன். காரிலிருந்து போன அதே சத்தம்! கழற்றிய பழைய ஸ்பிரிங்கை மாமா எங்கே வைத்தார் என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது. மாமாவுடன் பேசுவதையே நிறுத்தினேன். அது அப்பாவுக்குப் புதிதாக வைத்த உலோக வால்வு மூடுகிற சத்தம், காருக்கு நோயாக இருந்தது அப்பாவுக்கு உயிர் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அன்று மாலை செபத்தில் எல்லோரும் முழந்தாளிட்டிருந்தோம். என் முறை வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"இயேசுவே, எங்கப்பா நெஞ்சுல கேக்குற சத்தம் சீக்கிரமா நிக்கணும்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. காதில் விழவில்லை போலும் என்று நினைத்து, இன்னும் சத்தமாக ஒருமுறை சொன்னேன்.