இருபத்தோரு நாள் வழி அடைப்பு

நகரத்தின் வாடகை சைக்கிள்களை இடம் மாற்றி வைப்பதுதான் அவர் வேலை. காலையில் ஆட்கள் வீட்டுப் பக்கத்து ஸ்டாண்டில் சைக்கிளை எடுத்து அலுவலகப் பக்கம் விட்டுவிடுவார்கள். அங்கே குவிந்து கிடக்கும்; இங்கே பெயருக்கு ஒன்றுகூட இருக்காது. அவர் வேனில் இருபது இருபதாக ஏற்றி நிரவுவார். டிப்போவில் அவருக்கு நிரவல் என்றே பெயர். "ஊரையே நிரவுற மனுஷன், வீட்டுல ஒரு நாற்காலியை நகத்திப் போடறதில்ல" என்று மனைவி சொல்லிக் காட்டுவாள்.

தொற்று வந்ததும் எல்லாம் தலைகீழானது. அலுவலகங்கள் பூட்டிக் கிடந்தன. அங்கே நின்ற சைக்கிள் சீட்டுகளில் பறவைகள் எச்சமிட்டன. பஸ்ஸும் ரயிலும் நின்றுபோனதால், வேலைக்குப் போயே தீரவேண்டியவர்களுக்குச் சைக்கிள்தான் கதி. அதுவரை சீந்துவாரில்லாமல் கிடந்த ஆஸ்பத்திரி ஸ்டாண்டுக்கு வந்தது வாழ்வு. வேலைக்குப் போகும்போது ஊழியர்களை ஆஸ்பத்திரி வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். வேலை முடிந்தவர்களைத் திரும்பக் கொண்டுவிட நாதியில்லை. அதனால் அவர் கைபேசிக்கு வரும் தினசரிப் பட்டியலில், மதியம் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் இருபது சைக்கிள் இறக்கச் சொல்லியிருந்தார்கள்.

முதல் நாள் வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றதைப் பார்த்ததுமே அவர் வேன் கண்ணாடியை ஏற்றிவிட்டார். கைபேசியில் 'வழி அடைப்பு' என்று ஒரு பொத்தான் உண்டு. பள்ளம் தோண்டியிருந்தாலோ மரம் விழுந்திருந்தாலோ அதை அமுக்கிவிட்டு அடுத்த ஸ்டாண்டுக்குப் போகலாம். யாரும் வந்து பார்ப்பதில்லை; டிரைவர் சொன்னால் சொன்னதுதான். அவர் அமுக்கினார். வேனை நிறுத்தக்கூட இல்லை. பத்து வருஷமாக ஒரு நாளும் பொய்யாக அமுக்காத மனுஷன், மறுநாளும் அமுக்கினார். பிறகு அது பல் விளக்குகிற மாதிரி பழகிப்போனது.

இதில் கூத்து என்னவென்றால், அவருடைய மச்சினி அந்த ஆஸ்பத்திரியில்தான் துப்புரவு வேலை பார்த்தாள். இருந்ததும் அவர் வீட்டு முன்னறையில்தான். ஆஸ்பத்திரியே தினமும் வீட்டுக்கு வந்து குளித்துத் தூங்கிவிட்டுப் போகிறது. இந்த வீராதிவீரர் அதன் ஸ்டாண்டைக் கண்டு பயந்தார். அவள் மதியம் வேலை முடிந்து ஒன்றரை மணி நேரம் நடந்து வருவாள். வந்ததும் வெந்நீர் வாளிக்குள் காலை வைத்துக்கொண்டு உட்காருவாள்.

"ஏங்க, உங்ககிட்ட அத்தனை சைக்கிள் இருக்கே, இவளுக்கு ஒண்ணு கிடைக்காதா?" என்று மனைவி கேட்டாள்.

"கம்பெனி சொத்துடி" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவருக்கே அவரைப் பிடிக்கவில்லை.

மூன்றாவது வாரம் வாளியில் கால் இருக்க மச்சினி சொன்னாள்: "மாமா, எங்க ஸ்டாண்டை எடுக்கப் போறாங்களாம். நோட்டீஸ் ஒட்டியிருக்கு. யாரும் சைக்கிள் எடுக்கறதில்லையாம். தினமும் இருபது பேர் அங்க போய் எட்டிப் பார்த்துட்டுத்தான் மாமா நடக்கறோம்."

வைக்காத சைக்கிளை யார் எடுப்பார்கள்? கம்ப்யூட்டர் எடுத்த கணக்கை மட்டும்தான் பார்க்கும்; வைக்காதது அதற்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அவர்தான். சொன்னால் வேலை போகும். ஐந்து டிரைவர்களில் இரண்டு பேரை நிறுத்தப்போவதாக ஏற்கெனவே பேச்சு. மறுநாள் காலை, வேனுக்குள் உட்கார்ந்து சூப்பர்வைசர் அம்மாவுக்குப் போன் போட்டார்.

"மேடம், ஆஸ்பத்திரியில வழி அடைப்பெல்லாம் ஒண்ணுமில்ல. நான்தான் பயந்துபோய் அமுக்கினேன்."

"எத்தனை நாள்?"

"இருபத்தோரு நாள்."

வீட்டிலிருந்தே வேலை பார்த்த அந்த அம்மா, அழுத குழந்தையை அதட்டிவிட்டுச் சொன்னார்: "யாரை நிறுத்தலாம்னு மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்கேன். நீங்களே வந்து தலையைக் கொடுக்கறீங்களே!"

"தெரியும் மேடம். ஸ்டாண்டை மட்டும் எடுத்துடாதீங்க."

ஸ்டாண்ட் தப்பியது. மாசக் கடைசி வரைதான் வேன் அவருக்கு என்று சொல்லிவிட்டார்கள். அன்று மதியம் இருபது சைக்கிளையும் துடைத்து வரிசையாக நிறுத்தினார். ஷிப்ட் முடிந்த பத்தாவது நிமிஷம் அங்கே வெறும் தரைதான் இருந்தது.

வீட்டுக்குப் போனபோது மச்சினி அவருக்கு முன்னால் வந்திருந்தாள். வாளியைக் காணோம். அவர் உட்காரவில்லை. வாசலிலேயே நின்று, பொத்தானில் ஆரம்பித்து வேலை போனதுவரை எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

"முதல் நாளே தெரியும் மாமா" என்றாள். "கேட்டுக்கு வெளிய நின்னு கை காட்டினேன். ஒரு பார்வை பார்த்துட்டு வேகத்தைக் கூட்டினீங்க."

முகக்கவசமும் தொப்பியுமாக யாரோ ஒருத்தி கை காட்டியது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"அன்னைக்கே என்னை நாலு கேள்வி கேட்டிருக்கலாமேம்மா?"

"எந்த முகத்தோட கேக்கறது? அன்னைக்குக் காலையில அதே கேட்டுல இருந்து நானே பயந்துபோய் ரெண்டு தடவை வீட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தேன் மாமா."