மனசு சிதறிய பாவம்

ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவே என் மாமனார் விடுகிற இடைவெளி இப்போதும் என் காதில் இருக்கிறது. கோயிலில் சாயங்காலத் திரிகால மணி அடித்து ஓய்ந்ததும் கூடத்தில் விளக்கேற்றி, வீட்டில் உள்ள எல்லோரும் முழங்காலில் நிற்க வேண்டும். ஆண்கள் சுவாமி சுரூபத்துக்கு முன்னால், பெண்கள் பின்னால். கைக்குழந்தைக்காரி என்பதால் எனக்கு வாசற்கதவை ஒட்டிய இடம். அவர் பத்துக் கற்பனைகளையும், அதாவது வேதத்தின் பத்துக் கட்டளைகளையும், ஒவ்வொன்றாகச் சொல்லி, "இன்னிக்கு இதுல தவறினேனா?" என்று கேட்டுவிட்டு நிறுத்துவார். அந்த நேரத்தில் அவரவர் தம் மனசைத் துழாவிப் பார்க்க வேண்டும். இதற்கு ஆத்தும சோதனை என்று பெயர். கடைசியில், பாவத்துக்கு வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லி எழுந்திருக்க அரைமணி ஆகும். மாதத்தின் முதல் வெள்ளியான தலைவெள்ளிக்கு முந்தின நாளென்றால் ஒரு மணி நேரம்.

புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலம் அது. உறுவையாற்றுப் பக்கம் எங்களுக்குக் கரும்பும் நெல்லுமாக நிலம் இருந்தது. சுற்றுவட்டத்தில் என் மாமனாரைப் போல ஒரு கிறிஸ்தவர் உண்டா என்று எல்லோரும் கேட்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். தண்ணீர் குடிக்கும்போது முதலில் சிலுவை போட மறந்துவிட்டால்கூட அதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுகிற மனுஷர். சோதனை நடக்கும்போது யாரும் எழுந்திருக்கக் கூடாது, யார் கூப்பிட்டாலும் பதில் தரக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். "சர்வேசுரன் முன்னால நிக்கறப்ப வேறெவங்கிட்ட இன்னா பேச்சு?" என்பார். பிள்ளை வீரிட்டு அழுதாலும் முந்தானையால் அதன் வாயை மூடிக்கொண்டு முழங்காலிலேயே நிற்பேன்.

ஒரு கார்த்திகை மாதம், தலைவெள்ளிக்கு முந்தின நாள். மூன்று நாளாக மழை விட்டபாடில்லை. நான்காம் கற்பனை நடந்துகொண்டிருந்தபோது வாசலில் குரல் கேட்டது. எங்கள் நிலத்தில் ஏர் ஓட்டுகிறவர். அவரும் எங்களைப் போல வேதக்காரர்தான், சேரியிலிருந்து வருகிறவர். எங்கள் வாசற்படியைத் தாண்ட அவருக்கு அனுமதி இல்லை. அந்நாளில் 'அவன்' என்றுதான் நாங்கள் சொல்லுவோம். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அப்படி எழுத எனக்கு இத்தனை வயசாக வேண்டியிருந்தது.

"ஆண்டே, வண்டி குடுங்க ஆண்டே. எம் பொஞ்சாதிக்குப் புள்ள பொறந்ததுலேர்ந்து ரத்தம் நிக்கல. சாமியார இட்டுக்கினு வரணும். மனசுல ஒண்ணு கெடக்குது, சொல்லிப்புட்டு சாவறேன்னு பொலம்புது ஆண்டே."

சாமியார் இருந்தது நாலு மைல் தள்ளி. வயதானவர். அந்தச் சேற்றில் நற்கருணையோடு நடந்து வர அவரால் ஆகாது. ஊரில் வில்வண்டி எங்களுடையது ஒன்றுதான். மாமனார் திரும்பவில்லை. குரலைக் கொஞ்சம் உயர்த்தி ஐந்தாம் கற்பனையைத் தொடங்கினார். 'கொலை செய்யாதிருப்பாயாக.' கேட்டுவிட்டு, நிறுத்தினார். நான் மாமியாரைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கதவு எனக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. அதைத் திறந்து, வண்டியைப் பூட்டிக்கொண்டு போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் ஓரகத்தி புதுச்சேரியிலிருந்து வாங்கி வந்த பட்டுப் புடவையைப் பார்த்துக் காலையில் பொறாமைப்பட்டேன் அல்லவா, அதற்காக உருகி உருகி மனஸ்தாபப்பட்டேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. வெட்கக்கேடு.

எல்லாம் முடிந்து நான் கதவைத் திறந்தபோது அவர் மழையில் நின்றுகொண்டிருந்தார். மாமனார் உடனே வண்டியைக் கொடுத்தார். அதிலொன்றும் குறை வைக்கவில்லை; போர்த்திக்கொள்ள ஒரு சாக்கும் கொடுத்தனுப்பினார். சாமியார் வந்து சேர்ந்தபோது அந்தப் பெண்ணுக்கு உயிர் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. உடம்பில் சூடு இருந்தது என்றார்கள். அவள் மனசில் கிடந்தது என்னவென்று ஒருவருக்கும் தெரியாமலே போயிற்று. எங்கள் களத்தில் இரண்டு பிடி நெல்லை மடியில் கட்டியிருப்பாளோ, பசித்த பிள்ளையை அடித்திருப்பாளோ. அதற்குமேல் பெரிய பாவம் செய்ய அவளுக்கு வசதி ஏது?

மறுநாள் மாலை வழக்கம்போல முழங்காலில் நின்றோம். வீட்டாருக்கு முன்மாதிரியாக மாமனார் தம் குற்றம் ஒன்றை முதலில் வாய்விட்டுச் சொல்லுவது வழக்கம். அன்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சொன்னார்: "நேத்து ஜெப நேரத்துல வாசல்ல ஒரு குரல் கேட்டு என் மனசு சிதறிப்போச்சு. சுவாமி, பாவி என்னைப் பொறுத்துக்கணும்." குரல் தழுதழுத்தது. அவர் நடிக்கவில்லை. நடித்திருந்தால் அவரை வெறுப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த பாவசங்கீர்த்தனத்தில், குரல் கேட்டும் கதவைத் திறக்காததை நான் சொன்னேன். "மாமனார் சொல்லை மீறினாயா?" என்று சாமியார் கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் இதில் உன் பாவம் என்ன?" என்று கேட்டுவிட்டு, பிள்ளைகளிடம் கோபப்படுவதுண்டா என்று விசாரிக்க ஆரம்பித்தார். எனக்கு விமோசனம் கிடைத்தது. நிம்மதியாகத்தான் வீட்டுக்கு வந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பல வருஷம் கழித்து, மாமனாரும் போய்ச் சேர்ந்த பிறகு, ஒருநாள் பகலில் வாய்க்கால் கரையில் அந்த ஏர் ஓட்டுகிறவரைத் தனியாகப் பார்த்தேன். மடை கட்டிக்கொண்டிருந்தார். நானாகவே அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தேன். என்மேல் கோபம் உண்டா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவரே சொன்னார்.

"உள்ள மந்திரம் சொல்றது கேட்டுச்சும்மா. நானும் கூடவே சொன்னேன். எம் பொஞ்சாதிக்குப் பதிலா உத்தம மனஸ்தாபம்கூட நாந்தான் சொன்னேன், மழையில நின்னுக்கினே."

பிறகு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஒண்ணு கேக்கணும்மா. நீங்க கதவுகிட்டதான இருந்தீங்க. நான் கூப்ட்டது ஒங்க காதுல வுழுந்துச்சா?"

"மழையில ஒண்ணும் கேக்கலப்பா" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "அதான பாத்தேன். கேட்டிருந்தா எயுந்து வந்திருப்பீங்க" என்று சொல்லிவிட்டு மடையைக் கட்டப் போய்விட்டார். இதை மட்டும் இதுவரை எந்தச் சாமியாரிடமும் நான் சொல்லவில்லை.