சிவப்பு மையில் ஒரு வாத்தியார்

அந்த உறை ஒரு மூலை நனைந்து வந்தது. தபால்காரர் பழவேற்காட்டில் படகேறி, ஏரியைக் கடந்து எங்கள் குப்பத்துக்கு வருவார். காற்று அடிக்கும் நாட்களில் அவரோடு சேர்ந்து கடிதங்களும் நனையும். பழுப்பு உறை, மேலே அரசு முத்திரை, நடுவில் தட்டச்சில் என் அக்காவின் பெயர். இது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை என்று பழைய நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருக்கிறேன். அது தவறு. எங்களுக்குத் தபால் வந்தது புதனும் சனியும்தான். அன்று நைனா, எங்கள் அப்பா, கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் அவர் கரையில் இருந்ததில்லை. ஆகவே புதன். ஆண்டு 1968, ஜூலை மாதம். சரிபார்க்க முடிகிறவற்றைச் சரிபார்ப்பது என் பழக்கம். இந்த விஷயத்தில் அப்படிச் சரிபார்க்க முடிவது கிழமை ஒன்றுதான்.

அக்கா என்னைவிட ஒன்றரை வயது பெரியவள். கடைசித் தங்கை பிறந்த வருடம் அம்மாவுக்குத் துணையாகப் பள்ளியை நிறுத்தியதால், மறு வருடம் என் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்தாள். இருவரும் படகிலும் பேருந்திலுமாகப் பொன்னேரி போய்ப் படித்தோம், ஒன்றாகவே எஸ்.எஸ்.எல்.சி. எழுதினோம். கணக்கில் அவள் எனக்கு எட்டாத தூரத்தில் இருந்தாள். ஊரில் அது யாருக்கும் தெரியாது. ஆனால் ஊரே அதை வைத்துத்தான் மீன் பிடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் ஏரியில் வலை போடுவதற்குப் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்தத் துறையில் எந்த நாளில் எந்த வீட்டார் வலை இறக்கலாம் என்பது சுற்றுமுறையில் வரும். முறை ஆண்களுக்கு மட்டுமே. ஒருவர் காய்ச்சலில் படுத்தால் அவருடைய தம்பியோ மகனோ அந்த நாளை எடுத்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்த முறை வீட்டை விட்டுப் போகாது. சாவு, கல்யாணம், அமாவாசை என்று நாட்கள் தள்ளிக்கொண்டே போவதால் கணக்கு அடிக்கடி சிக்கலாகும். அதைப் பிசகில்லாமல் மனத்தில் வைத்திருந்தவள் அக்கா. பாடு பேசும் கூட்டத்தின் பக்கம் பெண்கள் போகக்கூடாது. அதனால் நைனா கிளம்பும்போது தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டே கேட்பார்.

“இன்னாமே, வர்ற வெள்ளி யாருது?”

“நம்புளுது இல்ல நைனா. மாமா ஊட்டுது. நம்புளுது ஞாயித்துக்கெழம. அவங்க சண்டைக்கு வந்தா, போன மாசம் சாவுக்கு ஒரு நாள் நின்னுச்சேன்னு கேளு.”

நைனா போய் அதை அப்படியே சொல்வார். “அண்ணன் தலைக்குள்ள பஞ்சாங்கமே வச்சிக்கினு கீறாரு” என்று கூட்டம் சிரிக்கும். நைனாவும் சிரிப்பார்.

மின்பணியாளர் பயிற்சிக்கு நாங்கள் இருவருமே விண்ணப்பித்திருந்தோம். பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று விளம்பரத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. அதை அக்காதான் எனக்குப் படித்துக் காட்டினாள். எங்கள் குப்பத்தில் அப்போது மின்சாரம் கிடையாது. பொன்னேரியில் பேருந்துக்குக் காத்திருக்கும்போது கம்பங்களையும் கம்பிகளையும் அண்ணாந்து பார்த்து, இது எங்கிருந்து வருகிறது, எங்கே போய் முடிகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். உறை அவளுக்கு மட்டும் வந்தது.

நைனா கெட்டவர் அல்லர். அவள்மேல் அவருக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்தக் கடிதத்தை அவர் தமக்குத் தெரிந்த ஒரே வழியில் புரிந்துகொண்டார். “நம்ம ஊட்டுக்கு ஒரு எடம் வந்துக்கீது. பொம்பளப் புள்ள போவ முடியாது. தம்பி எடுத்துக்கட்டும்” என்றார். இதில் அநியாயம் இருப்பதாக அவருக்கோ அம்மாவுக்கோ தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

மறுநாள் காலை அக்கா, தனக்கு இடம் வேண்டாம், தம்பிக்குக் கொடுக்க வேண்டும் என்று தன் கையால் எழுதினாள். எழுதிய தாளை என்னிடம் நீட்டியவள் உடனே விட்டுவிடவில்லை. “அங்க இன்னா சொல்லித் தர்றாங்களோ, ஞாயித்துக்கெழம வந்து எனக்குச் சொல்லணும். ஒண்ணு வுடாம சொல்லணும். சரியா?” என்றாள். சரி என்ற பிறகுதான் தாள் என் கைக்கு வந்தது.

சேர்க்கைக்குக் கடைசி நாளுக்கு முதல் நாள் நானும் நைனாவும் பயிற்சி நிலையத்துக்குப் போனோம். அலுவலகத்தில் இருந்த எழுத்தர் தாளைப் படித்துவிட்டு நைனாவை நிமிர்ந்து பார்த்தார். “இது இன்னா ரேஷன் கார்டாய்யா, ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தர் வாங்கிக்கினு போவ?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு குரலைத் தணித்து, பொறுமையாக விளக்கினார். இடம் அந்தப் பெண்ணுடைய மதிப்பெண்ணுக்குக் கிடைத்தது. அவள் வேண்டாம் என்றால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போகும். அந்த அடுத்தவர் நான் அல்ல. “நான் இன்னும் இதப் பதியல. பொண்ண நாளைக்குக் கூட்டிக்கினு வர்றதா இருந்தா லெட்டர எடுத்துக்கினு போங்க” என்று தாளை எங்கள் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

நைனா என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்கலாம். அக்காவே வரட்டும் என்று இரண்டு சொற்கள் போதும். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “ஆம்பளப் புள்ளைக்கே இல்லாத எடத்துக்குப் பொண்ண எப்பிடி சார் அனுப்புறது? ஊர்ல சிரிப்பாங்க” என்றார் நைனா. எழுத்தர் சற்று நேரம் காத்திருந்துவிட்டுத் தாளில் முத்திரையைக் குத்தினார்.

திரும்பும் வழியில் பேருந்தில் நைனா ஒரே ஒரு முறைதான் பேசினார். “அக்காவாண்ட சொல்லாத. உனக்காவது கெடச்சிதேன்னு இருக்கட்டும். பாவம்.” அந்த வாரமே எண்ணூரில் உறவினர் ஒருவரின் பழக்கத்தில் என்னை ஒரு வெல்டிங் பட்டறையில் சேர்த்துவிட்டார். வீட்டில் நான் பயிற்சியில் சேர்ந்துவிட்டதாகப் பேச்சு.

முதல் ஞாயிறன்று படகு கரை தட்டும் முன்பே அக்கா முழங்கால் தண்ணீரில் வந்து நின்றாள். “இன்னாடா சொல்லிக் குடுத்தாங்க?” பட்டறையில் கேட்ட இரண்டு மூன்று சொற்களை வைத்து எதையோ சொல்லிச் சமாளித்தேன். அடுத்த ஞாயிறு அப்படிச் சமாளிக்க முடியாது என்று தெரிந்தது. சென்னை மூர் மார்க்கெட் போய், முதல் ஆண்டு மின்னியல் பாடப் புத்தகம் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். கடைசிப் பக்கங்கள் கிழிந்திருந்தன. கணக்குகளுக்கான விடைகள் இருந்த பக்கங்கள் அவை. வாரம் ஓர் அத்தியாயம் என்று படித்து, வகுப்பில் கேட்டதாக அவளுக்குச் சொன்னேன். இன்று என் வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகங்கள் இருப்பதைப் பார்த்து, படிக்கும் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்கிறவர்களுக்கு நான் உண்மையைச் சொன்னதில்லை.

கார்த்திகைக்குள் அவள் என்னைத் தாண்டிவிட்டாள். நான் சொன்னதைக் கொண்டு சொல்லாததைக் கண்டுபிடித்தாள். ஒரு ஞாயிறு, கணக்குகள் போட்ட தாள்களை மடித்துக் கொடுத்தாள். “உங்க வாத்தியாராண்ட குடுடா. எங்க அக்கா போட்டதுன்னே சொல்லு. தப்பு இருந்தா செவப்பு மையில போடச் சொல்லு.”

சிவப்பு மை வாங்கினேன். சனிக்கிழமை பட்டறை மூடிய பிறகு, டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து வாத்தியாரானேன். கையெழுத்தைச் சாய்த்து எழுதினேன். சரி, நன்று, மேலும் முயல்க. அந்தச் சிவப்புக் குறிகளை அவள் விரலால் தொட்டுப் பார்ப்பாள். “வாத்தியாருக்கு வயசானவரா? கண்டிப்பா?” என்று கேட்பாள். கேட்கக் கேட்க அவருக்குக் கண்ணாடி வந்தது, மீசை வந்தது, காலையில் வெற்றிலை போடும் வழக்கமும் வந்தது.

மாசி மாதத்தில் அந்தக் கணக்கு வந்தது. மின்னோட்டத்தைத் தடுக்கும் ஐந்து மின்தடைகள். நான்கு சேர்ந்து இரண்டு பாதைகளாகப் பிரிந்து கூடும். ஐந்தாவது, இரண்டு பாதைகளுக்கும் நடுவே பாலம் போல நிற்கும். மொத்தத் தடை எவ்வளவு என்பது கேள்வி. எனக்கு அது புரியவில்லை. அக்கா ஐந்தாவதைத் தூக்கிப் போட்டுவிட்டு, நான்கை மட்டும் வைத்து மூன்றே வரியில் முடித்திருந்தாள். ஓரத்தில் ஒரு குறிப்பு: ‘ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டம். நடு வாய்க்காலில் ஓட்டம் இருக்காது.’

அன்று எனக்குக் கையில் தீக்காயம். பட்டறையில் ஏச்சு வேறு. ஒப்பிட்டுப் பார்க்க விடைப் பக்கம் இல்லை. ஆனால் நான் சிவப்பில் எழுதியதற்கு இவையெல்லாம் காரணமா என்று எனக்குத் தெரியாது. குறுக்கே பெரிதாக அடித்தேன். கீழே சாய்ந்த எழுத்தில் எழுதினேன்: ‘ஒரு தடையை விட்டுவிட்டாய். மின்சாரப் பாடத்தில் வாய்க்கால் பேச்சு வேண்டாம். இது பெண்பிள்ளைகளுக்குச் சற்றுக் கடினமான பாடம்.’

அக்காவிடம் அப்படி அதுவரை எந்த ஆசிரியரும் சொன்னதில்லை. பொன்னேரியில் யாரும் சொல்லவில்லை. அந்த எழுத்தர்கூட, கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றுதான் சொன்னார். அதைச் சொல்வதற்கு ஒருவரை நானே உண்டாக்க வேண்டியிருந்தது.

அவள் படித்தாள். மறுபடி படித்தாள். “சரிடா. அவரு பாத்து சொல்லிக்கீறாரு” என்று தாளை மடித்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க ஐந்தையும் வைத்து நான்கு பக்கம் போட்டுப் பார்த்தாள் என்று பிறகு அம்மா சொன்னாள். அடுத்த ஞாயிறு படகு கரை தட்டியபோது தண்ணீரில் யாரும் நிற்கவில்லை. வீட்டுக்குள் மீன் அரிந்துகொண்டிருந்தவள், “எனக்கு இது ஆவாதுடா. நீ நல்லாப் படி” என்றாள். வைகாசியில் ஏரிக்கு அக்கரையில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. அதுவரை வேண்டாம் என்று அவள் தட்டிக்கழித்து வந்த மாப்பிள்ளைதான்.

1977-இல் நான் கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையின் மின்பிரிவில் உதவியாளாக இருந்தேன். பூமிக்கடியில் ஓடும் கம்பி ஒன்று எங்கேயோ பழுது. எங்கள் ஃபோர்மேன் பழுது இருக்கும் இடத்தை அளந்து காட்டும் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து இணைத்து, குமிழ்களை மெல்லத் திருகினார். ஆடிக்கொண்டிருந்த முள் நடுவில் வந்து நின்றது. “பாத்துக்க. ரெண்டு பக்கமும் சமமாச்சின்னா நடுவுல ஒண்ணும் ஓடாது. அந்த நடுக்கம்பி இருந்தாலும் ஒண்ணு, இல்லாங்காட்டியும் ஒண்ணு” என்றார். நான் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றேன். “இன்னாப்பா, பேய் அறஞ்சா மாதிரி நிக்கிற?” என்று தோளில் தட்டினார்.

அன்று மாலை ரயிலில், மனத்திலிருந்த அந்த எண்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். இரண்டும் நான்கும் ஒரு பாதை, மூன்றும் ஆறும் மறு பாதை. விடை மூன்று புள்ளி ஆறு. அவள் எழுதியிருந்தது அதுதான்.

இதை அவளிடம் சொல்ல எனக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இப்போதும் எப்போதாவது காலையில் கும்மிடிப்பூண்டி நிலையத்தில் இறங்கும்போது, கழுத்தில் அடையாள அட்டையோடு கூட்டமாக இறங்கும் பெண்பிள்ளைகளைப் பார்க்கிறேன். அவர்களில் யாராவது ஒருத்தி தன் பையில் தேடித் தாள் எதையாவது எடுத்தால் என் கண் தானாக வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். போன தை மாதம், ஒரு வியாழக்கிழமை, அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அலுவலகம், முத்திரை, பட்டறை, கிழிந்த புத்தகம், சிவப்பு மை. அப்படி ஒரு வாத்தியார் இல்லை, எழுதியது நான்தான் என்று சொன்னேன். அவள் இறால் உரிப்பதை நிறுத்தவில்லை.

அடுத்த இறாலை எடுத்துக்கொண்டே கேட்டாள். “அப்ப அந்தக் கணக்கு சரியா?”

“சரிதான்க்கா.”

“வெடை மட்டும் சரியா, வழியும் சரியா?”

“ரெண்டும் சரி. வாத்தியாரே கெடையாதுக்கா. நான்தான் தெரியாம அடிச்சேன்.”

தலையை ஆட்டினாள். கையிலிருந்த இறாலைச் சட்டியில் போட்டுவிட்டு ஏரிப் பக்கம் பார்த்தாள்.

“இத்தினி வருசத்துல அந்தாளு மேல எனக்குக் கோவமே வரலடா,” என்றாள். “அவ்ளோ படிச்ச மனுசன். என்னைவிட அவருக்குத் தெரியும்னு இருந்துட்டேன்.”