பதினெட்டு வீடு, ஒன்பது போன்

அந்த ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனது நானும் வண்டிக்காரரும். வராதவர்கள் எட்டுப் பேர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருவர், கோயம்புத்தூரில் லேத்தில் இருவர், பெங்களூரில் ஏசி மெக்கானிக் ஒருவன், சென்னையில் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவன் ஒருவன், கல்யாணமாகி விழுப்புரத்தில் மாமனார் கடையைப் பார்த்துக்கொள்பவன் ஒருவன், ஓசூர் பக்கம் செல்போன் பாகம் செய்கிற கம்பெனியில் ஒருவன்.

கச்சிராயபாளையத்தில் ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். இந்தப் பக்கம் மிச்சம் இருப்பது நான் மட்டும். கள்ளக்குறிச்சியில் உரக்கடை மாடியில் ஒரு அறை. பகலில் இ-சேவை மையத்தில் மற்றவர்களுடைய விண்ணப்பங்களைத் தட்டுகிறேன், மீதி நேரம் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கரும்பு வெட்டுகிறவர். படிப்பு என்றால் ஒரு நாள் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தார். ஊருக்குப் போகும்போதெல்லாம், "இன்னும் எவ்ளோதான்டா பாக்கி கீது?" என்று கேட்பார். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பார்.

ஓசூரில் இருப்பவன் கல்வராயன் மலைக்காரன். வெள்ளிமலையைத் தாண்டி, பதினெட்டு வீடுகள் உள்ள ஊர் அவனுடையது. மலையிலிருந்து இறங்கி விடுதியில் தங்கிப் படித்தான். பள்ளிக்கூடத்தில் ஆறு வருடம் எனக்குப் பக்கத்து இடம் அவனுடையது. அடைமழைக் காலத்தில் அவன் ஊரில் கூலி வேலை நின்றுவிடும். ரேஷன் அரிசி வந்துவிடும், ஆனால் எண்ணெய், பருப்பு, வெல்லம், டீத்தூள் எல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. அதனால் முந்தைய வருடம் நாங்கள் ஒன்பது பேரும் காசு போட்டு, கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் நாள் முழுக்கப் பேரம் பேசி வாங்கி, ஒரு குட்டியானை வண்டியின் பின்னால் மூட்டைகள் மேல் உட்கார்ந்து மலையேறினோம். பாட்டு, சண்டை, வாந்தி எல்லாம் உண்டு. எனக்குத் தெரிந்து அந்த வருடத்தில் நான் சிரித்துப் பேசிய நாள் அது ஒன்றுதான்.

இந்த வருடம் யாருக்கும் முன்கூட்டி வர லீவு கிடைக்காது என்று தெரிந்தது. நான்தான் யோசனை சொன்னேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவன் என்பதால் என் பேச்சுக்கு அந்த விஷயத்தில் மரியாதை உண்டு. ஆன்லைனில் தள்ளுபடி விற்பனை வருகிறது, எந்தச் சாமானும் ஒரு கணக்குக்கு இரண்டுக்கு மேல் தர மாட்டார்கள், ஆளுக்கு இரண்டு வீட்டுச் சாமானை அவரவர் போனில் போட்டால் ஒன்பது பேருக்குப் பதினெட்டு வீடும் முடிந்துவிடும், எல்லோரும் என் அறை முகவரியைக் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தால் போதும், சேர்ந்து பிரித்துக் கட்டி ஏற்றிவிடலாம் என்று எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன். எட்டுக் கட்டைவிரல் விழுந்தது. விற்பனை தொடங்கிய பகலில் குரூப் களைகட்டியது. பெங்களூர்க்காரன் ஓட்ஸ் போடட்டுமா என்று கேட்டான். அவங்களுக்கு என்ன சுகர்னு நெனச்சியா என்று விழுப்புரத்துக்காரன் திட்டினான். ஒன்பது ஆர்டரும் ஒரே தொகை, ஆளுக்கு ஆயிரத்து நாற்பத்தெட்டு. அன்றைக்கு நான் தேர்வில் பாஸானவன் மாதிரி இருந்தேன்.

பார்சல்கள் ஒவ்வொன்றாக வந்தன. கொண்டுவந்தவர் தியாகதுருகத்து அண்ணன் ஒருவர். முதல் நாள் ஒரு பெயர், மறுநாள் வேறு பெயர், வாங்குவது மட்டும் ஒரே ஆள். மூன்றாவது நாள் படியிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா தம்பி, தினத்துக்கு ஒரு பேர் மாத்திக்கினு கீற? போலீசு கீலீசு தேடுதா?"

விவரம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அப்ப அந்த ஆளுக்குப் போன் போடு, நம்பர் சொல்லட்டும்" என்றார். ஆர்டர் போட்டவருடைய போனுக்கு நான்கு எண்கள் வரும். அதைச் சொன்னால்தான் பார்சல் கைக்கு வரும். நான் யோசிக்காமல் விட்டது அது. யோசிக்காததும் நல்லதாகப் போயிற்று என்று அப்போது நினைத்தேன். ஏனென்றால் அவர்களுக்குப் போன் செய்ய எனக்கு ஒரு காரணம் கிடைத்தது.

திருப்பூர்க்காரன் மிஷின் சத்தத்துக்கு நடுவில் நான்கு எண்களைக் கத்திவிட்டு, சூப்பர்வைசர் பார்க்கிறான் என்று வைத்துவிட்டான். கோயம்புத்தூரில் ஒருவன் எண்ணைச் சொல்லி, சாப்பிட்டாயா என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் வைத்தான். சென்னைக்காரனுக்குத்தான் கோபம்.

"நாள் பூரா ஊருல கீறவன் கிட்டல்லாம் நான் நம்பர் கேட்டுக்கினு கீறேன். இப்ப நீயும் என்னைக் கேக்குறியா?"

அவன் சொன்னதற்கு, அண்ணன் கீழே இறங்கிப் போகும் வரை அவரோடு சேர்ந்து சிரித்தேன். அப்புறம் அறைக்கு வந்தால் கூடச் சேர்ந்து சிரிப்பதற்கு யாரும் இல்லை. ஒவ்வொருவரிடமும் ஞாயிற்றுக்கிழமை பற்றிக் கேட்க நினைத்துத்தான் போனை எடுப்பேன். நான்கு எண்கள் முடிந்ததும் பேச்சும் முடிந்திருக்கும். அட்டைப்பெட்டிகள் மட்டும் என் கட்டிலைச் சுற்றி உயர்ந்துகொண்டே வந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிநேகிதனுடைய பெயர், அதற்குக் கீழே என் முகவரி.

எட்டுப் பெட்டிகள் சேர்ந்தன. ஒன்பதாவது ஓசூர்க்காரனுடையது. அவன் எண் தற்காலிகமாகச் சேவையில் இல்லை என்றது. வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன், அடித்து ஓய்ந்தது. கம்பெனி வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று தெரியும். குரூப்பில், உன் எண் போகவில்லை, வேறு எண் இருந்தால் கொடு என்று எழுதினேன். மறுநாள் காலை அதற்கும் ஒரு கட்டைவிரல் போட்டிருந்தான். குரூப்பில் என்ன வந்தாலும் படிக்காமல் கட்டைவிரல் போடுவது அவன் வழக்கம். இரண்டாவது முறையும் பார்சல் திரும்பிப் போனது. மூன்றாவது முறை எண் சொல்லாவிட்டால் வந்த வழியே அனுப்பிவிடுவார்கள் என்று அண்ணன் சொன்னார்.

பதினெட்டு வீட்டில் பதினாறுக்குக் கொடுத்துவிட்டு இரண்டை விட முடியாது. கடையில் வாங்கிச் சேர்த்துவிடலாம்தான். ஆனால் உண்மையைச் சொன்னால், நான் அலைந்தது பருப்புக்காக மட்டும் இல்லை. அவன் ஊருக்கு, அவன் பெயர் போட்ட பெட்டி இல்லாமல் போகக் கூடாது என்று பட்டது. அதைவிட, அவன் குரலைக் கேட்டுப் பல மாதம் ஆகிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது.

அவன் அம்மாவின் எண் என்னிடம் இருந்தது. பலமுறை அடித்ததில் ஒருமுறை டவர் கிடைத்தது.

"அந்த நம்பரு இப்ப இல்லியே கண்ணு. புது நம்பருல்ல வச்சிருக்கான். ஒனக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்லவில்லை. தொலைந்துவிட்டதும்மா என்றேன். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு எண்ணைப் படிக்கச் சொன்னார். பிறகு எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றேன். எல்லோருமா என்றார். அதுவரை யாரும் வரமாட்டேன் என்று சொல்லியிருக்கவில்லை. எல்லோரும்தான் என்றேன்.

ஷிப்ட் முடிகிற நேரம் பார்த்துப் புது எண்ணுக்குப் போட்டேன்.

"யாரு?"

"நான்தான்டா."

"இந்த நம்பரு யாரு குடுத்தா?"

"ஒங்கம்மா."

தங்கியிருக்கும் இடத்தில் பழைய சிம்முக்கு டவர் இல்லை, அதனால் வேறு வாங்கினேன், பழையதை ரீசார்ஜ் செய்யாமல் பெட்டியில் போட்டுவிட்டேன், வாட்ஸ்அப் மட்டும் அதில் ஓடுகிறது என்றெல்லாம் விளக்கினான். அவனாகவே நிறுத்திவிட்டுச் சொன்னான்.

"சொல்லக் கூடாதுன்னு இல்லடா. குரூப்புலதான் கீறனே. தெனம் பாத்துக்கினுதானே கீறேன்."

பேசிக்கொண்டிருக்கும்போதே அவனுடைய பழைய எண்ணுக்கு நான் ரீசார்ஜ் போட்டேன். நூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய், இருபத்தெட்டு நாள். சிம்மைத் தேடி எடுத்து, டவர் கிடைக்கிற மொட்டைமாடியில் போய் நின்றுகொள்வதாகச் சொன்னான். மறுநாள் அவனுக்கு இரவு ஷிப்ட். அண்ணன் மூன்றாவது முறையாகப் படியேறினபோது, அந்தப் பழைய எண்ணிலிருந்தே கூப்பிட்டான். என் போனில் அவன் பெயர் வந்தது.

"நாலு, ஒண்ணு, ஒம்போது, ஆறு."

எண்ணை அண்ணனிடம் சொன்னேன். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். அவனும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. அவன் பக்கம் காற்று அடிப்பது கேட்டது. மலையில் குளிரா என்று கேட்டான். நான் கள்ளக்குறிச்சியில் இருக்கிறேன், எனக்கெப்படித் தெரியும் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா என்றேன்.

"பாக்குறன்டா" என்றான்.

சனிக்கிழமை குரூப்பில் ஒவ்வொருவராக எழுதினார்கள். ஒருவனுக்கு ஓவர்டைம், ஒருவன் மனைவிக்குச் சீமந்தம், ஒருவனுக்கு பஸ்ஸில் இடமில்லை. பார்சல் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டதே, நீயே பார்த்துக்கொள் மச்சான் என்று எழுதினவன்தான் சரியாகச் சொன்னான். எல்லாம் வந்து சேர்ந்திருந்தது. ஓசூர்க்காரன் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அவன் அம்மாவுக்குப் போன் செய்து பார்த்தேன், டவர் இல்லை.

தனியாக உட்கார்ந்து ஒன்பது பெட்டிகளையும் பிரித்து, பதினெட்டுப் பைகளாகக் கட்டினேன். காலையில் கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். கள்ளக்குறிச்சியிலிருந்து மூன்று பஸ் வந்து போயிற்று. வண்டிக்காரர் டீயைக் குடித்துவிட்டு, யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை கேட்டார். இல்லை, போகலாம் என்றேன்.

மலையில் சாமான் கொடுத்து முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. பெட்டிகளுக்கு நடுவில் தூங்கி நான் கழித்த பத்துப் பன்னிரண்டு நாள் சீக்கிரமே கைமாறிவிட்டது. போன வருடம் பாடிக்கொண்டு வந்த பையன்கள் எங்கே என்று இரண்டொருவர் கேட்டார்கள். அவன் அம்மா வண்டியின் முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். கை கழுவ எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

உள்ளே ஒன்பது இலை போட்டிருந்தது. சாமைச் சோறும் கோழிக் குழம்பும். கோழி அவர் வளர்த்ததுதான்.

ஒரு இலையில் நானும், பக்கத்தில் வண்டிக்காரரும் உட்கார்ந்தோம். சோறு போட்டுக்கொண்டே கேட்டார்.

"பின்னால பஸ்ல வரானா?"

"லீவு கெடைக்கலம்மா."

"சரி. நீ நல்லாச் சாப்புடு."

வெளியே போய் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்தார். ஆறு பேர். அவர்களும் உட்கார்ந்தார்கள். கடைசி இலையில் யாரையும் உட்கார வைக்கவில்லை. நாங்கள் எழுந்த பிறகும் அது அப்படியே இருந்தது.

கிளம்பும் முன் டவர் கிடைக்கிற பாறைக்கு என்னுடன் வந்தார். புது எண் அணைந்திருந்தது. பழைய எண்ணுக்குப் போட்டேன். அவர் தலையைச் சாய்த்து என் போன் பக்கம் காதை வைத்தார்.

"அடிக்குதா?"

"அடிக்குதும்மா."

கடைசிவரை அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அடிக்கிற வரைக்கும் நல்லது என்பது மாதிரித் தலையாட்டிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

அந்த ராத்திரி குரூப்பில் கணக்குப் போட்டேன். சாமான் ஒன்பதாயிரத்து நானூற்று முப்பத்திரண்டு, வண்டி வாடகை இரண்டாயிரத்து எண்ணூறு, இதர செலவு நூற்றுத் தொண்ணூற்றொன்பது. இதர செலவு என்னடா என்று திருப்பூர்க்காரன் கேட்டான். பார்சல் செலவு என்று எழுதினேன். ஏழு கட்டைவிரல் உடனே விழுந்தது, எட்டாவது விடியற்காலையில், ஓசூரிலிருந்து. மொத்தம் பன்னிரண்டாயிரத்து நானூற்று முப்பத்தொரு ரூபாய்.