வலிக்காத கை

எங்கள் பார்லரில் அவளை எல்லோரும் நூலக்கா என்றுதான் கூப்பிடுவோம். புருவம் எடுப்பது அவள் வேலை. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மிச்சத்தை இரண்டு கை விரல்களிலும் முறுக்கி, நாற்காலியில் சாய்ந்திருப்பவளின் புருவத்தில் ஓட்டுவாள். வேறு யார் எடுத்தாலும் கண்ணீர் கொட்டும். இவள் எடுத்தால் சில பேர் தூங்கியே போவார்கள். தலை அலசிவிடும் வேலை என்னுடையது. என் தொட்டியில் தலையைச் சாய்த்திருக்கிறவளும் "நூலக்கா எப்ப ஃப்ரீயாவாங்க?" என்றுதான் கேட்பாள். எனக்கு வயிறு எரியும், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

முதல் தடவை வந்து பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் அவள் சொல்வது ஒன்றேதான். "வலிக்கலைன்னா வேலை சரியா நடக்குதுன்னு அர்த்தம்மா. வலிச்சா உடனே சொல்லு, தப்பு என் மேலதான்."

புருஷன் விட்டுவிட்டு ஓடிப்போனவன். அவன் பேச்சை எடுத்தாலே அக்கா ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவாள். ஒரே மகள், கல்லூரியில் படிக்கிறாள். அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததும் அந்தப் பெண் படித்ததும் அக்காவின் விரல்களால்தான். பார்த்துப் பார்த்து அந்த விரல்களிலேயே வந்து உட்கார்ந்தது வியாதி என்கிற சனியன்.

முதலில் காலை நேரத்தில் விரல் மடங்கவில்லை. கடை திறந்ததும் என் தொட்டியில் வெந்நீரைத் திறந்துவிட்டு, கையை நனைத்துக்கொண்டே நிற்பாள். பிறகு விரல் கணுக்கள் வீங்கின. மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றினோம். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து மூட்டுவாதம் என்றார்கள். "உங்க உடம்பே உங்க மூட்டை அரிக்குது. இந்த மாத்திரை அதைத் தடுக்கும். மெதுவாத்தான் கேக்கும். நீங்களா நிறுத்தக் கூடாது" என்று டாக்டரம்மா சொல்லியனுப்பினாராம்.

வலி உடனே குறையவில்லை. அதற்குள் அந்த மாத்திரையால் முடி கொட்ட ஆரம்பித்தது. மொட்டையாகிவிடவில்லை, வகிடு கொஞ்சம் அகலமானது, அவ்வளவுதான். ஆனால் எங்கள் முதலாளியம்மாவின் கழுகுக் கண்ணுக்கு அது போதாதா?

"முடி வளர எண்ணெய் விக்கிற கடையில நீயே இப்படி நின்னா, வர்றவங்க என்ன நெனைப்பாங்க? அந்த மாத்திரையைத் தூக்கிப் போடு. அக்குபங்சர் பண்ணிக்கோ. என் கழுத்துவலி அதுலதான் போச்சு. மருந்தே வேண்டாம்."

துணைக்குப் போனவள் நான். மாடியில் சின்ன அறை, சுத்தமான வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில். தலைமுடி கனத்தில் இருந்த ஊசிகளை வைத்தியர் அவளுடைய புறங்கையிலும் மணிக்கட்டிலும் முழங்காலுக்குக் கீழும் ஒவ்வொன்றாக நட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லடி" என்று அக்கா சிரித்தாள்.

அந்த மனிதர் மேல் குற்றம் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நாங்கள் கிளம்பும்போது நிறுத்தி வைத்துச் சொன்னார். "இது வலியைக் குறைக்கும்மா. சில பேருக்கு நல்லாவே குறையும். ஆனா மூட்டு அரிக்கிறதை இது நிறுத்தாது. ஆஸ்பத்திரி மாத்திரையை விட்டுடாதீங்க." அக்கா தலையைத் தலையை ஆட்டினாள்.

சில வாரத்தில் வலி குறைந்தது. நிஜமாகவே குறைந்தது. அக்கா என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள், வெந்நீர்ப் பக்கமே வரவில்லை. வகிட்டில் குட்டி குட்டியாக முடி முளைத்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பொறி தட்டியது.

"மாத்திரை போடறியா இல்லையா?"

அவள் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அறிவு இருக்கா உனக்கு? அந்த மனுஷன் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே!"

"கத்தாதடி வாயாடி. வலிக்கலை. வலிக்கலைன்னா சரியாகுதுன்னுதானே அர்த்தம்?"

நாற்காலியில் உட்காருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி, அது அவளுக்கு வேதவாக்காகிப் போயிருந்தது. நான் எவ்வளவு கத்தியும் ஏறவில்லை. முதலாளியம்மாவுக்கோ கொண்டாட்டம். வாரக் கடைசியில் சாப்பிடக்கூட விடாமல் ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் விரல்கள் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கின. வலியும் திரும்பி வந்தது, இந்தத் தடவை ஊசிக்கு அடங்காமல். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மா திட்டக்கூட இல்லை. "சாஞ்சது நேராகாதும்மா. மிச்சத்தைக் காப்பாத்துவோம்" என்றார். அக்கா மறுபடி மாத்திரை போட ஆரம்பித்தாள். முதலாளியம்மா அவளை ஃபோன் எடுக்கவும், விழுந்த முடியைக் கூட்டவும் வைத்தாள். கேட்கிறவர்களிடமெல்லாம், "அந்த ஊசிக்காரன் குத்திக் கெடுத்துட்டான்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாத்திரையைத் தூக்கிப் போடச் சொன்னது யாரு மேடம், ஊசிக்காரனா?" என்று கேட்டேவிட்டேன். அவள் காது கேட்காதவள் மாதிரி நகத்தைப் பார்த்துக்கொண்டாள். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். "விடுடி. உக்கார ஒரு எடம் குடுத்திருக்காங்க. அதையும் கெடுக்காத." மகளுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை.

போன மாதம் பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி வந்தாள். வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவள், எதுவும் தெரியாது. நூலக்காதான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். "ஒரே ஒரு தடவை பண்ணிடேன்" என்று முதலாளியம்மா பல்லைக் காட்டினாள். பாவி.

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். நூலைக் கடித்தாள். மிச்சத்தை விரல்களில் சுற்ற வெகுநேரம் ஆயிற்று. நாற்காலியில் இருந்தவள் கண்ணை மூடிக்கொண்டு புருவத்துத் தோலை இழுத்துப் பிடித்திருந்ததால் எதையும் பார்க்கவில்லை. நான் ஈரக் கையோடு நின்று பார்த்தேன். நூல் தொய்ந்து போய்ப் புருவத்தின் மேல் சும்மா ஊர்ந்தது. ஒரு முடியைக்கூடப் பிடிக்கவில்லை.

"வலிக்கவே இல்லக்கா" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "உங்க கை உங்க கைதான்."

அக்கா பல்லிலிருந்து நூலை எடுத்தாள்.

"வேற பொண்ணை அனுப்பறேம்மா. அவ எடுத்தா வலிக்கும். வலிச்சாலும் பாதியில எழுந்திரிச்சுடாத."