எஸ்தர் அக்காவின் சிவப்பு நட்சத்திரம்

சிவகாசியில் என் அச்சகத்தில், காலண்டர் சீசன் மும்முரத்தில் மிஷின் பக்கத்தில் நின்றபோது சாத்தூரிலிருந்து போன் வந்தது. "அம்மா போயிட்டாக மாமா" என்றாள் எஸ்தர் அக்காவின் மகள். மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, அப்படியே தாள் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா வேல்ஸ் நாட்டு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். அங்கே நோயாளிகள் வெள்ளை நிறத்தைத் தங்கள் மொழியில் 'க்வின்' என்றார்களாம். உடன் வேலை பார்த்த அயர்லாந்துக்காரி 'ஃபின்' என்றாளாம். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாகத்தான் இருக்கும் என்று பிடித்துக்கொண்டார். தாய்ச்சொல் 'விந்தோஸ்' என்று அறிஞர்கள் கணித்த வழியை விடாமல் படித்தார். ஊர் திரும்பியதும், அந்த இரண்டு மொழிகளுக்கும் தாயான பழைய கெல்டிக் மொழியின் சொற்களைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் எழுதி, அச்சடிக்க என்னிடம் கொடுத்தார்.

அதில் நான் அடித்த கூத்தைச் சொல்லியாக வேண்டும். பல சொற்களின் தலையில் நட்சத்திரக் குறி இருந்தது. பக்கத்தின் கீழே தேடினால் அடிக்குறிப்பு இல்லை. டைப் செய்தவர் விட்ட குப்பை என்று, பெரிய கெட்டிக்காரன் மாதிரி அத்தனையையும் எடுத்துவிட்டு அச்சேற்றினேன். பைண்டிங்குக்கு முன்பு அக்கா வந்து பார்த்தார்.

"நட்சத்திரமெல்லாம் எங்கன தம்பி?"

"அடிக்குறிப்பு இல்லையேன்னு எடுத்துட்டேன்க்கா."

"அடப் பாவி! இந்தச் சொல்லு எந்தக் கல்லுலயும் ஏட்டுலயும் இல்ல. பிள்ளைகளப் பாத்துத் தாயக் கணிச்சது. அதச் சொல்றதுதான் அந்தக் குறி. அது இல்லாம வெளிய போனா நான் பொய்க்காரி. எல்லாத்தையும் கொளுத்திப் போடுங்க."

 அதற்கு வழி சொன்னதும் அக்காதான்; பக்கத்து மிஷினில் ஓடிய முருகன் படத்தைக் காட்டினார். "சிவப்பத் தனியாத்தான ஏத்துறீக? நெத்தியில பொட்டு வைக்கிற மாதிரி என் சொல்லுக்கும் வைங்க."

ஒவ்வொரு தாளையும் மறுபடி மிஷினில் ஏற்றி, அந்தச் சொற்களின் தலையில் சிவப்பு நட்சத்திரத்தை மட்டும் அச்சடித்தோம். அக்கா பூதக்கண்ணாடியோடு நின்று, மயிரிழை விலகிய தாளையெல்லாம் கிழித்தார். "தெரிஞ்சதத் தெரிஞ்சதுன்னு சொல்லு, கணிச்சதக் கணிச்சதுன்னு சொல்லு, அம்புட்டுத்தான் படிப்பு" என்று அன்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். சிவகாசியில் சிவப்பு நட்சத்திரத்தோடு வந்த ஒரே மொழியியல் புத்தகம் அதுதான் என்று இன்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

அஞ்சலி அட்டையும் எங்களிடம்தான் அச்சானது. 'சிரித்த முகத்தோடு போனார்' என்று ஒரு வரி போடச் சொன்னாள் மகள்.

"நீ பக்கத்துல இருந்தியாம்மா?"

"இல்ல மாமா, மத்தவுக சொன்னாக."

அந்த வரியின் தலையில் சிவப்பாக ஒரு நட்சத்திரம் வைத்தேன். அவள் பார்த்துவிட்டு, அழுதுகொண்டே சிரித்தாள். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் குறிதான்.

அதற்குக் கீழே நானாக ஒரு வரி சேர்த்தேன்: 'பொய்க்கு இடம் கொடுக்காதவர்.' அதற்கு நட்சத்திரம் வைக்கவில்லை. அது நான் கண்ணால் கண்டது.